செருப்புத் திருடன்

எங்கள் வீட்டு கோல்டன் ரெட்ரீவர் நாய் யாரையும் வெறும் வாயோடு வரவேற்காது. ஒற்றைச் செருப்பு, தலையணை உறை, ஒன்றும் சிக்காவிட்டால் தன் தண்ணீர்க் கிண்ணத்தையாவது கவ்விக்கொண்டு உடம்பே ஆடுகிற மாதிரி வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். செருப்பில் பல் தடமே இருக்காது, எச்சில் மட்டும்தான். சுட்டு விழுந்த பறவையைச் சிதைக்காமல் எடுத்து வரவென்றே உருவாக்கிய இனம் அல்லவா!

1868இல் ஸ்காட்லாந்தில், பிற்பாடு ட்வீட்மவுத் பிரபுவான டட்லி மார்ஜோரிபேங்க்ஸ், நவுஸ் என்ற மஞ்சள் ரெட்ரீவரை பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலோடு சேர்த்ததில் ஆரம்பித்த வம்சம் இது. அந்த ஸ்பானியல் இனமே இப்போது இல்லை. ரஷ்ய சர்க்கஸ் நாயின் வாரிசு என்று ரொம்ப நாள் ஒரு கதை ஓடியது, பிரபுவின் வளர்ப்புக் குறிப்புகள் 1952இல் வெளிவந்ததும் அது அடிபட்டுப்போனது.

அப்புறம், வெயிலுக்கு மொட்டையடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். முடி இரண்டு அடுக்கு, மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், திரும்ப வளரும்போதும் திட்டுத்திட்டாக வரலாம். சீவிவிட்டால் போதும். குளிப்பாட்டிய பிறகு அந்தத் தொங்கு காதுகளை நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஈரம் தங்கினால் சீழ் பிடித்து நாற ஆரம்பித்துவிடும். உதிர்கிற முடி ஒட்டிக்கொள்வதால், கறுப்புப் பேன்ட் போடும் ஆசையை மட்டும் நான் விட்டுவிட்டேன்.