ஜெர்மனியில் எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்: ரேங்கிங்கை மூடுங்கள், சிலபஸைத் திறங்கள்

சார்லாந்து பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் கிடைத்துப் போன வாரம்தான் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதற்குள் ஜூனியர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "அக்கா, எந்த யுனிவர்சிட்டி டாப்? என் சிஜிபிஏவுக்கு எது கிடைக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஏபிஎஸ் (நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று), யூனி-அசிஸ்ட் (விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கும் அமைப்பு), ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில் ரேங்கிங் பட்டியலை மூடி வையுங்கள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் முதலில் பார்ப்பது, நீங்கள் பி.இ.யில் படித்த பாடங்கள் அவர்களுடைய பேச்சலர் படிப்போடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான். என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு என்னைவிட நல்ல சிஜிபிஏ. ஆனால் தியரி பாடங்களில் கிரெடிட் போதவில்லை என்று ஒரு இடத்தில் மறுத்துவிட்டார்கள். நாலு வருஷம் அப்படி உழைத்தவளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு வலித்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அதனால் என் மொத்த உழைப்பையும் ஒரே வேலையில் போட்டேன்: பாடப் பொருத்த அட்டவணை. இடப்பக்கம் அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் நம் பாடம், யூனிட் வாரியாக. பாடத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 பாடத்திட்டத்தில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று ஒரு பாடம் இருக்கிறது இல்லையா, அதைப் பார்க்கும் பேராசிரியருக்கு உள்ளே லீனியர் அல்ஜிப்ரா இருப்பது எப்படித் தெரியும்? ஐகன் மதிப்புகள், கேலி-ஹாமில்டன் தேற்றம், குவாட்ராடிக் ஃபார்ம் என்று முதல் யூனிட்டைப் பிரித்து எழுதினேன். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனுக்கு ஃபைனைட் ஆட்டோமேட்டாவில் தொடங்கி டியூரிங் மெஷின், அன்டிசைடபிலிட்டி வரை, எந்த யூனிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு. டிஸ்கிரீட் மேத்ஸ், அல்காரிதம்ஸ், கம்பைலர் டிசைன் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

கிரெடிட் கணக்கு: அங்கே ஒரு வருஷ முழுநேரப் படிப்பு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் அளவு). நம் நாலு வருஷத்தை 240 என்று வைத்துக்கொண்டு, உங்கள் மொத்த கிரெடிட்டால் வகுத்து, வருவதை ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டாலும் பெருக்கிப் பாருங்கள். நம் 160 சொச்சத்துக்கு 3 கிரெடிட் பாடம் ஏறக்குறைய நாலரை ஈசிடிஎஸ் வரும். ஒவ்வொரு இடமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கும். ஆனாலும் எந்தப் பாடத்தில் பள்ளம் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

சிஜிபிஏவை அப்படியே நம்பாதீர்கள், நம் மதிப்பை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் மாடிஃபைடு பவேரியன் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். அங்கே 1 தான் உச்சம், 4 பாஸ். அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 8.2 வைத்திருப்பவருக்கு பாஸ் மதிப்பு 5 என்றால் 2.08. அதே 8.2-க்கு பாஸ் மதிப்பு 6 என்றால் 2.35! 2.3 வரை என்று எல்லை போட்ட இடத்தில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உங்கள் சான்றிதழின் பின்பக்கத்தில் குறைந்தபட்ச பாஸ் மதிப்பு என்ன அச்சிட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 'இலவச' ஆலோசனை என்று ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். அரசுப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லச் சொல்ல, கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா அந்தக் கட்டணத்தைப் பார்த்து, நிலத்தை விற்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் யாரிடமும் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்காதீர்கள். டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் மொழி, கட்டணம், படிப்பு என்று வடிகட்டித் தேட முடியும். நான் அங்கேதான் தேடினேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக:

- பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்.
- பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஃப்ரைபுர்க்) 2017 முதல் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.
- மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு, நம்மைப் போன்றவர்களிடம், செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. பழைய வீடியோக்களில் இலவசம் என்றே இருக்கும்.
- பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக ஒரு வருஷ வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு) 11,904 யூரோ. ரூபாயில் பத்து லட்சத்துக்கு மேல். இது கட்டணமில்லை, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். வீட்டில் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, ஏன் சார்லாந்து? எனக்குத் தியரி பிடிக்கும், கூட்டம் பிடிக்காது. சார்புரூக்கன் சின்ன ஊர், பிரான்ஸ் எல்லையை ஒட்டியது. ஒரே வளாகத்தைச் சுற்றி இன்ஃபர்மேட்டிக்ஸுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், மென்பொருள் அமைப்புகளுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், செயற்கை நுண்ணறிவுக்கான டிஎஃப்கேஐ, சைபர் பாதுகாப்புக்கான சிஸ்பா. மாட்யூல் ஹேண்ட்புக்கை (பாட விவரத் தொகுப்பை) திறந்தால் வெரிஃபிகேஷன், ஆட்டோமேட்டட் ரீசனிங், கிரிப்டோகிராஃபி என்று ஒவ்வொன்றும் 9 கிரெடிட் கோர் பாடம். படிக்கும்போதே கை பரபரத்தது. வெப் டெவலப்மென்ட் வேலைதான் குறி என்றால் இந்த ஊர் உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம். அதில் தப்பே இல்லை, வேறு ஹேண்ட்புக்கைத் திறங்கள்.

கடைசியாகச் சில:

- 'டேட்டா சயின்ஸ்' என்ற பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். கட்டாயப் பாடம் எது, விருப்பப் பாடம் எது என்று பாருங்கள்.
- தேர்வு விதிமுறையைப் படியுங்கள். பல இடங்களில் ஒரு தாளை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பையே விட வேண்டிய நிலை வரும்.
- படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஜெர்மன் மொழி இல்லாமல் அந்த 18 மாதம் போதாது என்பது என் கருத்து. நான் ஏ1 என்னும் தொடக்க நிலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.
- ஏபிஎஸ் சான்றிதழுக்கு ஏழாவது செமஸ்டர் முடியும் முன்பே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

ரெகுலேஷன் 2021 சிஎஸ்இ மாணவர்களுக்கு என் அட்டவணை அப்படியே உதவும், கேளுங்கள், அனுப்புகிறேன். ஐடி, ஈசிஇ பிரிவினர் அதைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் சிலபஸில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.