ஃபியட் 1100 ஸ்டியரிங்: கழற்றி, விரிசல் அடைத்து, திரும்பப் பூட்டியது

வண்டி 1967 மாடல் ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. இதே உடம்புதான் 1974இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. இன்ஜின், பிரேக் வேலைகள் ஓரளவு முடிந்துவிட்டதால் ஸ்டியரிங் வீலில் கை வைத்தேன்.

வளையம் முழுக்க விரிசல். ஆரக்கால் வந்து சேரும் இடங்களில் நகமே நுழையும். உள்ளே இரும்புக் கம்பி, அதன்மேல் வார்த்த பிளாஸ்டிக். சூட்டில் இரும்பு விரிவதைப்போலப் பல மடங்கு பிளாஸ்டிக் விரியும், குளிரும்போது அதே அளவு சுருங்கும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் காய்ந்து இறுகிப்போய், சுருங்க இடமில்லாமல் பிளந்துவிடுகிறது. அந்தப் பிளவு வழியாகக் கைவியர்வை இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. மேலே கவர் போட்டு மறைத்தால் துரு உள்ளேயே வளரும். தோல் சுற்றிய சின்ன ஸ்போர்ட்ஸ் வீல் மாட்டச் சொன்னவர்களும் உண்டு. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அகலமான, மெல்லிய வளையத்தை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் நிறுத்தி வளைக்கும்போது தோள்பட்டை வலிக்கும், உள்பக்கத்தின் முகமே மாறிப்போகும். அதனால் பழையதையே காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

கழற்றுமுன் முன்சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் எர்த் கம்பியை எடுத்துவிட்டேன். ஹார்ன் ரிங்கை அழுத்தினால் கம்பி எர்த்தைத் தொட்டு ஹார்ன் அடிக்கும் ஏற்பாடு இது. பேட்டரி இணைப்பிலேயே இருந்தால் வேலை முடியும்வரை தெருவே திரும்பிப் பார்க்கும். ரிங், ஸ்பிரிங், ஃபைபர் வாஷர் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே துணிமேல் அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டேன். நடு நட்டு தெரிந்ததும் தண்டிலும் வீலிலும் சென்டர் பஞ்சால் ஒரே கோட்டில் புள்ளி வைத்தேன். தண்டின் நுனியில் வீல் கோர்த்து உட்காரும் பற்களில் ஒன்று தள்ளி உட்கார்ந்தாலும் நேரே ஓட்டும்போது ஆரக்கால் கோணலாக நிற்கும்.

நட்டு பாக்ஸ் ஸ்பேனருக்கு வந்துவிட்டது. வீல்தான் அசையவில்லை. தண்டைச் சுத்தியலால் தட்டுவது வழக்கம்தான். ஆனால் இந்த வண்டியில் தட்டுகிற அடி நேராகக் கீழே ஸ்டியரிங் பாக்ஸ் பேரிங்கில் போய் இறங்கும். லேத்துப் பட்டறை அண்ணனிடம் சொன்னேன். "சுத்தியலத் தொடாத தம்பி, ஒரு புல்லர் போட்டுத் தரேன்" என்று, வீலை இழுத்துக் கழற்றும் அந்தக் கருவிக்காகப் பட்டைத்தகட்டில் மூன்று ஓட்டை போட்டு, நடுவில் மரை வெட்டித் தந்தார். துரு இளக்கும் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவிட்டுப் புல்லரை இறுக்கியதும் 'டப்' என்று விட்டுவிட்டது. நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டிருந்ததால் வீல் முகத்துக்கு வரவில்லை. யார் செய்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முந்தைய சொந்தக்காரர் அடித்திருந்த கறுப்பைச் சுரண்டியதும் யானைத் தந்த நிறம் வந்தது. ஹார்ன் ரிங்குக்கு அடியில், வெயில் படாத இடத்தில், அது மங்காமல் இருந்தது. பெயிண்ட் கடையில் அந்த இடத்தைக் காட்டித்தான் கலர் கலக்கச் சொன்னேன்.

விரிசலை அப்படியே மேலாக அடைத்தால் நிற்காது. முக்கோண அரத்தால் ஒவ்வொன்றையும் கம்பி தெரியும்வரை 'வி' வடிவில் அகலப்படுத்தினேன். நல்ல வீலை வேண்டுமென்றே வெட்டுகிற மாதிரி மனசு அடித்துக்கொண்டாலும் வேறு வழி கிடையாது. கம்பியில் இருந்த துருவைச் சுரண்டி, துரு மாற்றி (மிச்சத் துருவைக் கெட்டியான பூச்சாக மாற்றும் திரவம்) தடவி, காய்ந்தபின் தின்னரால் துடைத்தேன். பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் பசை பிடிக்காது. நிரப்ப மெதுவாக இறுகும் அரால்டைட் பசை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இதற்கு வேண்டாம், மே மாதச் சூட்டில் அது இளகும். ஆழமான இடங்களில் எம்-சீல் என்ற பிசைந்து வைக்கும் பட்டி. மட்டத்துக்குக் கொஞ்சம் மேலாகவே நிரப்பி ஒரு முழு நாள் விட்டேன்.

தேய்ப்பதுதான் உண்மையான வேலை. வளையம் உருண்டை, அதனால் கட்டை வைத்துத் தேய்த்தால் தட்டையாகிவிடும். துணி ஒட்டிய உப்புத்தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, தயிர் கடையும் கயிறு மாதிரி இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தேன். சொரசொரப்பான 80 நம்பர் தாளில் தொடங்கி 180, 320 என்று போய்க் கடைசியில் தண்ணீர் தொட்டு 600. கண் பார்த்து ஏமாறும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கை கண்டுபிடித்துவிடும். பிரைமர் அடித்ததும் ஊசித்துளைகள் தெரிந்தன. அங்கே மட்டும் பட்டி வைத்துத் திரும்பவும் தேய்த்தேன்.

கடைசிப் பெயிண்டை 2கே வகையில் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிப்பது), பட்டறையில் கொடுத்து அடித்தேன். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. சரியான முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டில் அதை அடிக்கக் கூடாது.

பெயிண்ட் நன்றாக இறுகும்வரை பொறுத்திருந்து, புள்ளிக்குப் புள்ளி சேர்த்துப் பூட்டியாயிற்று. ஃபைபர் வாஷர் தேய்ந்திருந்ததால் புதிது வெட்டிப் போட்டேன். ஹார்ன் அழுத்தினால் மட்டும் அடிக்கிறது, ஆரக்காலும் நேராக நிற்கிறது. ஹார்ன் ரிங்கில் புள்ளி புள்ளியாகக் குரோம் போயிருக்கிறது. அதைப் பளபளவென்று மாற்றினால் பக்கத்து மீட்டர் வளையம் கிழடாகத் தெரியும் என்பதால் மெழுகு தேய்த்ததோடு விட்டுவிட்டேன். அடுத்து, ஸ்டியரிங் தண்டின் மேல் புஷ்ஷில் இருக்கும் லேசான ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.