காலின்னு போட்டேன்

நில சர்வே ஃபார்ம்ல, இடம் எதுக்குப் பயன்படுதுன்னு கேக்க ஒரே ஒரு கட்டம்தான். தற்போதைய பயன்பாடு. குடியிருப்பு, விவசாயம், தொழில், காலி, நாலுல ஒண்ணு க்ளிக் பண்ணணும். நான் காலின்னு போட்டேன். மூணு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது.

கரீபியன் தீவு டிரினிடாட்ல, கூவாங்கிற ஊர் பக்கம் சர்வே. ஒரு காலத்துல சுத்துவட்டாரம் பூரா கரும்பு. 2003ல கரோனிங்கிற அரசு சர்க்கரை கம்பெனிய மூடினப்போ ஒன்பதாயிரம் பேருக்கு மேல வேலை போச்சு, வாலன்டரி ரிட்டயர்மென்ட்னு பணத்தக் குடுத்து, பயிர் பண்ண ஆளுக்கு ரெண்டு ஏக்கர் குத்தகைக்குத் தர்றோம்னும் சொன்னாங்க. அந்த ரெண்டு ஏக்கருக்காக வருஷக்கணக்கா அலைஞ்சவங்க நிறைய பேர். நான் காலின்னு போட்ட இடத்துல பயிர் வச்சிருந்த பெரியவரும் அதுல ஒருத்தர். லெட்டர் வந்துச்சாம், காட்டின இடத்துக்கு ரோடும் இல்ல தண்ணியும் இல்லையாம், அதனால வீட்டுக்குப் பின்னாடி சும்மா கெடந்த கரும்புக் காட்டுலயே நட்டுட்டாரு. மூணு வரிசை மரவள்ளி, ஓரத்துல துவரை, பழைய பைப்ப நட்டுக் கட்டின பந்தல்ல தட்டப்பயறு, அங்க அதுக்குப் பேரு போடி.

நான் டேப்லெட்ட தட்டிட்டு இருக்கும்போது ரப்பர் பூட்ஸோட பக்கத்துல வந்து நின்னு, "எனக்கு என்ன எழுதினே?"ன்னு கேட்டாரு.

"சும்மா அளவுதான் அங்கிள்"னேன்.

அதப் பத்தி அவ்வளவுதான் பேச்சு. பொய்யான்னு கேட்டா பொய் இல்ல, அளவும்தான் எடுத்தேன். பேப்பர் இல்லாத பயிர கணக்குல எடுக்காதேன்னு ஆபீஸ்ல தெளிவா சொல்லியிருந்தாங்க, நான் கான்ட்ராக்ட்ல இருந்தவன், விசாவும் அவங்க கையில. ஆனா கீழ குறிப்புன்னு இன்னொரு கட்டம் இருந்துச்சு. அதுல என்ன எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல. மரவள்ளி, துவரைன்னு ரெண்டு வார்த்த போட எவ்வளவு நேரம் ஆகும்? காலியா விட்டேன், அன்னைக்கு இன்னும் பதினோரு இடம் பாக்கி, வெயில் வேற.

சில நாள் வேற மாதிரியும் தோணும். விவசாயம்னு போட்டிருந்தா ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் வந்திருக்கும், காலின்னு போட்டதாலதான் யாரும் திரும்பிப் பாக்கலையோ என்னமோ. இது நானே எனக்கு சொல்லிக்கிற சமாதானம்னும் தெரியுது. காலின்னு மேப்ல வந்துட்டா அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியாதா, நான் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ட்டே கரும்பு நிலத்துல கட்டினதுதான். பக்கத்துல பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டைல அம்மோனியா, மெத்தனால் ப்ளான்ட்லாம் நிக்கிற இடமும் ஒரு காலத்துல கரும்புதான். அதுக்காக ஊரு அப்படியே கரும்பா இருந்திருக்கணும்னும் சொல்ல மாட்டேன், அந்த வெட்டு வேலை எப்படி முதுக ஒடிக்கும்னு அவரே சொன்னாரு.

கெளம்பும்போது ஊரு எதுன்னு கேட்டாரு. சென்னைன்னேன், புரியல, மெட்ராஸ்னதும் முகம் மாறிடுச்சு. அவரோட ஆஜி, அதான் அப்பாவோட அம்மா, அவங்க வழில யாரோ மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்களாம், ஊர்ப்பேர் தெரியாதாம். ஒரு பிளாஸ்டிக் பை நெறைய பச்சத் துவரை பறிச்சுக் குடுத்தாரு. வாங்கிட்டேன். நைட்டு உரிச்சு குழம்பு வச்சு அம்மாக்கு போட்டோகூட அனுப்பினேன்.

போன மாசம் வேற வேலையா அந்த வழியா போனேன். பந்தல் அப்படியே இருந்துச்சு, போடி காய்ச்சுத் தொங்குது. வண்டிய நிறுத்தல.