அத்தையின் நேர்ச்சையும் என் ஜெபமும்

எங்கள் வீட்டில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுவோம். நான் எழுதினால் ஜெபம், என் மாமியார் எழுதினால் செபம். நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பம், அதாவது புராட்டஸ்டன்ட்; அத்தை திருச்சிப் பக்கத்து ஆர்.சி., கத்தோலிக்கர். அவர் பூசைக்குப் போவார், நான் ஆராதனைக்குப் போவேன். அவர் சாமியார் என்பவரை எங்கள் ஊரில் ஐயர் என்போம். கல்யாணமாகி வந்த புதிதில் மாடத்தில் இருந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் தினம் மெழுகுவத்தி ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நெருடல் இருந்தது, அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 300 கிராம். முப்பத்தொரு நாள் இன்குபேட்டரில் இருந்தாள். அந்த முப்பத்தொரு நாளும் வார்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில் நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். என் கையில் வேதபுத்தகம், அவர் கையில் செபமாலை. என் கணவர் எங்களோடு உட்காரவில்லை, மாடிப்படி ஓரம் ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். ஜெபம் பண்ணுங்களேன் என்று ஒருநாள் கேட்டதற்கு, பண்ணிக்கிட்டுதான் இருக்கேன் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அத்தை அங்கேயே ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். பிள்ளை நல்லபடியாக வீடு வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாகவும், கோயிலிலிருந்து மாதா குளம் வரை முழங்காலிலேயே போவதாகவும். பிள்ளை வந்தாள். அப்புறம் கொரோனா, அப்புறம் அத்தைக்கு மூட்டு வலி, இப்படியே தள்ளிப் போய் மகளுக்கு ஏழு வயது ஆகிவிட்டது. போன செப்டம்பரில், கொடியேற்றம் முடிந்த அந்த வாரத்தில், இதற்குமேல் தள்ளக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். சரி, எல்லோருமாகக் கிளம்பலாம் என்று முடிவானது.

வழியில் குளித்தலை போகலாம் என்றது என் கணவர். குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையை ஒட்டி சாந்திவனம் இருக்கிறது, சச்சிதானந்த ஆசிரமம். வருடத்தில் இரண்டு மூன்று தடவை அவர் தனியாக அங்கே போய்விட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரச் சொன்னால் யோசிக்கிறவர், அங்கே மட்டும் போகிறாரே என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம் உண்டு.

1950-ல் ஜூல் மோன்ஷானன், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் காவி உடுத்து இந்த இடத்தைத் தொடங்கினார்கள். லெ சோ பிறகு அபிஷிக்தானந்தர் ஆனார். 1968-ல் அவர் இமயமலைப் பக்கம் போய்விட, கேரளத்துக் குருசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து பொறுப்பேற்று, 1993-ல் இறக்கும்வரை இங்கேதான் குடிசையில் வாழ்ந்தார். கோயிலைப் பார்த்தால் நம்ம ஊர்க் கோயில் மாதிரியே சின்ன கோபுரம், விமானத்தில் பத்மாசனத்தில் அமர்ந்த கிறிஸ்து. இது என்ன கிறிஸ்தவம் என்று கிறிஸ்தவர்களும் கேட்டார்கள், இது என்ன வேஷம் என்று இந்துக்களிலும் சிலர் கேட்டார்கள். நானும் மனதுக்குள் கேட்டவள்தான்.

சாயங்கால ஜெபம். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தோம். சமஸ்கிருதத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று பாடினார்கள், சங்கீதம் வாசித்தார்கள், கற்பூர ஆரத்தி காட்டினார்கள். முடிவில் தட்டில் திருநீறு வந்தது. காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் திருநீறு என்பது அங்கே வழக்கம். எங்கள் அம்மா வீட்டில் நெற்றியில் பொட்டுகூட வைக்க மாட்டார்கள். தட்டு என்னிடம் வந்தபோது கை எழவில்லை. அத்தை கொஞ்சமும் தயங்காமல் எடுத்துப் பூசிக்கொண்டு, "சாம்பல் புதனுக்குப் பூசிக்கிறோமே, அதே மண்ணுதான கண்ணு" என்று மெல்லச் சொன்னார். நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்று அங்கே யாரும் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுநாள் விடியுமுன் எழுந்து ஆற்றுப் பக்கம் போனேன். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் என் கணவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் அங்கே சூரியோதயத்தில் தியானத்துக்கென்றே விட்டிருக்கிறார்கள், மணி இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். எனக்கு ஜெபம் என்றால் வார்த்தை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கம், ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஆமென் வரை சொல்லிக்கொண்டே போகவேண்டும். பத்து நிமிஷத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்துபோனது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தபோது, "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற 46-ம் சங்கீதத்து வசனம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ தடவை வாசித்த வசனம், இன்குபேட்டர் நாட்களில் அடிக்கோடிட்டு வைத்த வசனம். அமர்ந்திருக்க மட்டும் நான் ஒருநாளும் முயன்று பார்த்ததில்லை. மாடிப்படி ஓரம் நின்றவர் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது ஏழு வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை விடிகாலை நாகப்பட்டினத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். அங்கிருந்து வேளாங்கண்ணி 10, 12 கிலோமீட்டர் இருக்கும். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நாள் கணக்கில் நடந்து வருகிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை, அத்தையின் மூட்டுக்கு இதுதான் முடியும். சாலை முழுக்கக் காவி உடை. சின்ன சப்பரத்தில் மாதா சுரூபம் வைத்து, பூ சுற்றி, சீரியல் பல்பு போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு கூட்டம் "மரியே வாழ்க" என்று முடிக்க, பின்னால் வரும் கூட்டம் அதே இடத்தில் எடுத்தது. செருப்பில்லாத கால்கள், துணி சுற்றிய கட்டைவிரல்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள். வழியில் ஒரு வீட்டு வாசலில் பானை வைத்து நீர்மோர் கொடுத்தார்கள். கொடுத்த அம்மாவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வேளாங்கண்ணிக் கதையில் மாதா வந்து மோர் கேட்டது நடக்க முடியாத ஒரு மோர்க்காரப் பையனிடம்தானே, அவன் மோர் விற்ற அந்த நடுத்திட்டுக்குப் போகிற வழியில் மோர் வாங்கிக் குடிக்கிறோம் என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

நடக்கும்போதுதான் கேட்டேன். "அத்தை, கிருபை இலவசம்னு வேதத்துல இருக்கே, நாம நடந்து கடன் அடைக்கணுமா?" எங்கள் பக்கத்தில் இது பெரிய கேள்வி. பொருத்தனை என்கிற பேரில் கடவுளிடம் வியாபாரம் பேசக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அத்தை செபமாலையில் அந்தப் பத்து மணியை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "பிள்ளைய குடுத்துட்டா. ஏழு வருஷம் ஆச்சு, திருப்பியா கேட்டா? நீ யாராவது ஒரு உதவி செஞ்சா போன்லயே தேங்க்ஸ் சொல்லிடுவ. எனக்கு நேர்ல போய் சொல்லணும், அவ்வளவுதான்." அதற்குமேல் எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. விசுவாசத்தைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ நீண்ட பிரசங்கங்களில் எனக்குத் திறக்காத ஒன்று நாகப்பட்டினம் ரோட்டில் திறந்தது.

பதினோரு மணிக்குமேல் வெயில் ஏறியபோது பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தன. 1962-ல் இருபத்துமூன்றாம் அருளப்பர் போப்பாக இருந்தபோது பசிலிக்கா ஆக்கப்பட்ட ஆலயம். உள்ளே சேலை உடுத்திய மாதா. கூட்டத்தில் ஒரு நிமிஷத்துக்குமேல் நிற்க முடியவில்லை. என் மகளைத் தூக்கிக் காட்டி, "இந்தா, பாத்துக்க" என்று மட்டும் அத்தை சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மாதா குளம் போகிற மணல் பாதைக்கு வந்தோம். வரிசையாக முழங்காலில் போய்க்கொண்டிருந்தார்கள். வயசுப் பெண்கள், பெரிய ஆம்பிளைகள், ஒரு கையில் மெழுகுவத்தியும் மறு கையில் பிள்ளையுமாக ஒரு தாய். அத்தை மண்டியிட்டார். இரண்டடி நகர்ந்தார். மூட்டு ஒத்துழைக்கவில்லை, முகம் வலியில் சுருங்கிவிட்டது. எழுப்பி உட்கார வைத்தோம். அவர் அழுதார். மருத்துவமனை பெஞ்சில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நான் போறேன் அத்தை என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. என் தாத்தா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதெல்லாம் அப்புறம்தான் மனதில் ஓடியது. சுடிதார் பேன்ட்டோடு மணலில் முட்டி போட்டேன். தூரம் நடந்தால் ஒன்றுமில்லை, முழங்காலுக்கு ரொம்ப அதிகம். மேலே மென்மையாகத் தெரிகிற மணல், எடை வைத்ததும் கீழே கரகரவென்று கடிக்கும். முதல் கொஞ்ச தூரம் சங்கீதம் சொன்னேன். அப்புறம் மூச்சு வாங்கியது, வார்த்தை நின்றுபோனது. பக்கத்தில் என் மகள் தண்ணீர் பாட்டிலோடு நடந்து வந்தாள், அந்தப் பக்கம் அத்தை கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழிக்குமேல் எனக்குள் வார்த்தையும் இல்லை, கேள்வியும் இல்லை. முட்டியும் மணலும் நன்றியும்தான் இருந்தது. குளத்தருகே எழுந்தபோது இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து பேன்ட்டில் ஒட்டியிருந்தது. அன்று ராத்திரி லாட்ஜில் அத்தைதான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. இனி உன் கோயிலுக்குப் போவோம் என்று அத்தை சொன்னார். காலையில் சீக்கிரமே கிளம்பி நாகூர், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். 1706 ஜூலை 9-ம் தேதி ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் ஆளுநரே அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். அப்படியும் விடாமல் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். பாளையங்கோட்டையில் என் பாட்டி மடியில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்த வேதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் காலடி வைத்ததும் எனக்கு அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மறு வருஷமே 36 வயதில் இறந்துபோன அவரை அதே ஆலயத்துக்குள் பீடத்தருகே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

லுத்தரன் சபை ஆராதனை. குருவானவர் பாடுவதும் சபை பாடிப் பதில் சொல்வதுமாகப் போனது. அத்தைக்குப் பதில்கள் தெரியவில்லை, என் மகள் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் அத்தை செபம் என்றே வாசித்தது என் காதில் விழுந்தது. என் கணவர் கடைசி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், பாடுங்கள் என்று நான் இந்தத் தடவை திரும்பிச் சைகை காட்டவில்லை.

அன்று திருவிருந்து இருந்தது, அப்பமும் ரசமும் வாங்குகிற சடங்கு. அத்தை வரமாட்டார், அதை நற்கருணை என்கிற அவர்கள் முறையில் அது அவர்கள் கோயிலில்தான். வரிசை பீடத்தை நோக்கி நகர்ந்தது, நானும் எழுந்தேன். போகிறவர்கள் மண்டியிடுவதைப் பார்த்தார் போல. என் கையைப் பிடித்து நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்துக் கையில் திணித்தார்.

"முட்டிக்குக் கீழ போட்டுக்க. புண்ணு இன்னும் ஆறல."

துண்டையும் எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனேன்.