தொட்டியின் மேல் ஒரு வலை

தையல் மெஷினுக்குப் பின்னால் நூல் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஜரிகைத் துண்டு ஏதோ கிடக்கிறது என்று நினைத்தேன். நீலமும் மஞ்சளும் மாறி மாறி ஓடும் மெல்லிய கோடுகள், விரல் நீளம். கையில் எடுத்த பிறகுதான் மீன் என்று தெரிந்தது. காய்ந்து விறைத்துப் போயிருந்தது. செதிலெல்லாம் துணிப் பஞ்சு. தொட்டிக்கும் அந்த இடத்துக்கும் ஆறடி இருக்கும். விழுந்த பிறகும் துள்ளித் துள்ளியே அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மீன் வாங்கி வந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில். முன்னறைதான் என் தையல் கடை. பையன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று ஆடி மாதத்தில் தொட்டி வாங்கினோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். பக்கத்திலேயே கொளத்தூர் என்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை, வரிசையாகக் கடைகள். ஜெயன்ட் டானியோ எட்டு வாங்கினோம். மூடி போட வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம்கா, மூடினா மீனுக்கு மூச்சு முட்டும்" என்றார் கடைக்காரர். சரி என்று வந்துவிட்டேன்.

இந்த டானியோ நம் பக்கத்து மீன்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடும் தண்ணீரில், மலையோரச் சிற்றோடைகளில் வாழ்வது. பத்து சென்டிமீட்டர் வரை வளரும். தண்ணீர்ப் பரப்பில் வந்து விழும் பூச்சிகளைப் பாய்ந்து பிடித்துத் தின்னும். அப்படிப்பட்ட மீனைக் கொண்டுவந்து நாலு கண்ணாடிக்குள் விட்டுவிட்டு, மேலே மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும்? பழம்பாடல்களில் வயல் என்று வந்தாலே வாளை பாயும். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது வெறும் அழகுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மீன் துள்ளும். புது இடமாக இருந்தால் துள்ளும், இன்னொரு மீன் துரத்தினால் துள்ளும், தண்ணீர் கெட்டாலும் துள்ளும். இருட்டில் சட்டென்று விளக்கைப் போட்டால்கூடத் துள்ளும். புதிதாக விட்ட முதல் சில நாட்கள்தான் ரொம்ப ஆபத்து. எனக்கு நடந்தது அதேதான்.

அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குப் போய் 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் இரண்டு துண்டு வெட்டி, விளிம்பைத் தேய்த்து வாங்கி வந்தேன். நாலடிக்கும் ஒரே துண்டாகப் போட்டால் தீனி போடும்போது தூக்க முடியாது. ஃபில்டர் குழாய் இறங்குவதற்காக ஒரு மூலையில் இரண்டு அங்குலம் வெட்டச் சொன்னேன். அந்த இரண்டு அங்குலத்தைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

மூச்சு முட்டுமோ என்ற பயம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இப்போது சொல்கிறேன், அந்தப் பயம் தேவையில்லாதது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரற்கடை காற்றிடம் இருந்தது. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்து உள்ளே தள்ளுகிறது, பழைய காற்று இடுக்குகள் வழியாக வெளியே போய்விடுகிறது. தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் போதும். ஏறக்குறைய ஒன்பது மாதம் அந்த மூடியோடு மீன்கள் நன்றாகவே இருந்தன. அப்போதிருந்து தினமும் காலையில் மீனை எண்ணுவேன். ஏழு. வாசல் தெளிக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

தீபாவளி இரவு தெருவில் பத்தாயிரம் வாலா போட்டார்கள். ஜன்னல் கம்பியே அதிர்ந்தது. தொட்டிக்குள் மீன்கள் மூலைக்கு மூலை பாய்ந்தன, கண்ணாடி மூடியில் தலை மோதும் சத்தம் 'டொக், டொக்' என்று கேட்டது. ஓடிப்போய் விளக்கை அணைத்து, ஒரு பெட்ஷீட்டை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்துவதற்குள் ஒன்று அந்த மூலை ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது. நாலடி நீள மூடியில் இரண்டு அங்குலம்தான் திறந்திருந்தது, அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். உலர்ந்த கையால் பிடித்தால் மீன் உடம்பின் வழுவழுப்பு உரிந்து வந்துவிடும் என்பதால் கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுத்தேன். கண் மேலேயே ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. வாளியில் தொட்டித் தண்ணீர் மொண்டு, அதில் மெதுவாக அலசினேன். காற்றுக் குமிழி வரும் ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்துப் பிடித்திருந்தேன். செவுள் அசையவில்லை. பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பக்கச் செவுள் திறந்து மூடியது. அப்புறம் மறுபக்கம். பிழைத்துக்கொண்டது. மறுநாள் அந்த மூலையில் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினேன்.

இத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கத்திரி வெயில் வந்தது.

மே மாதம் இரண்டாம் வாரம், மதியம் மூன்று மணி. தொட்டித் தெர்மாமீட்டர் 33 காட்டியது. ஏழு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் தங்குவது குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கு அதிகக் காற்று வேண்டும், தண்ணீரிலோ குறைவாக இருக்கிறது. அதுவும் இது குளிர்ந்த ஓடையில் பழகிய இனம்.

அப்போதுதான் மண்பானை நினைவுக்கு வந்தது. பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானையைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிட்டால் குளிராது. நான் ஆசையாகப் போட்ட கண்ணாடி மூடி அந்தப் பிளாஸ்டிக் பையின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆவியெல்லாம் கண்ணாடியின் அடியில் துளித்துளியாகப் படிந்து திரும்பவும் உள்ளேயே சொட்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், என் தொட்டி அளவு நீரை இரண்டு டிகிரி குளிர வைக்கப் போதும். அறையிலிருந்து சூடு வந்துகொண்டே இருக்கும் என்பதால் அத்தனையும் அப்படியே கணக்கில் நிற்காது. ஆனாலும் சின்ன விஷயமில்லை.

மூடியை எடுத்துவிட்டு, ஸ்டூலில் டேபிள் ஃபேனை வைத்துத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி திருப்பினேன். இரவுக்குள் 30. மீன்கள் கீழே இறங்கி வழக்கம்போல் சுற்றின.

ஆனால் மூடி இல்லை. மறுபடியும் மெஷினுக்குப் பின்னால் குனிந்து தேட எனக்குத் தெம்பு இல்லை.

அன்றிரவு ஒரு பழைய ஷிஃபான் துப்பட்டாவை மேலே விரித்து, துணி கிளிப் போட்டு வைத்தேன். காலையில் தரையெல்லாம் ஈரம். துப்பட்டா நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டிருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல ராத்திரி முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வெளியே சொட்டவிட்டிருக்கிறது. நல்லவேளை, பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம் இல்லை. (தொட்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கவனியுங்கள்: ஒயர் சுவிட்ச் போர்டுக்குப் போகும் வழியில் போர்டைவிடக் கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும்.)

துணி சரிவராது, ஆனால் இறுக்கமான வலை சரிவரும் என்று பட்டது. வலை எனக்குப் புதிதா? லெஹங்காவுக்கு உள்ளே வைக்கும் கேன்கேன் நெட் எப்போதும் அலமாரியில் கிடக்கும். சாயம் போடாத வெள்ளை நெட்டில் இரண்டு மீட்டர் எடுத்தேன். புது நெட்டில் விறைப்புக்காக ஏதாவது ஏற்றியிருப்பார்கள், அது தொட்டியில் கலக்கக் கூடாது. மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். சோப்பு தொடவில்லை. அரை அங்குல பிவிசி குழாயும் மூலைகளில் இணைக்க நாலு எல்போவும் ஹார்டுவேர் கடையில் வாங்கி, தொட்டியின் விளிம்பில் உட்காருகிற அளவுக்குச் சட்டம் செய்தேன். குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பினேன். இல்லையென்றால் பெரிய மீன் மோதினால் சட்டமே தூக்கிவிடும். நெட்டைத் தலையணை உறை மாதிரி தைத்துச் சட்டத்துக்கு மாட்டி, ஒரு பக்கம் இழுத்து இறுக்கினேன். ஃபில்டர் குழாய் வரும் மூலையில் வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, பாவாடைக்குக் கோர்ப்பது போல நாடா கோர்த்தேன். குழாயைச் சுற்றி நாடாவைச் சுருக்கிக் கட்டினால் ஒரு விரல்கூட நுழையாது. இந்த மூலைக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன், மூன்று முறை பிரித்துத் தைத்தேன்.

ஃபேன் காற்று நெட் வழியாக நன்றாகவே போகிறது. திறந்து வைத்ததைவிட அரை டிகிரிதான் கூடுதல். மீன் மோதினாலும் கண்ணாடியில் இடிப்பது போல மூக்கு அடிபடுவதில்லை, நெட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது.

வலை போட்டால் வேலை கூடும், அதையும் சொல்ல வேண்டும். ஃபேன் ஓடும் நாட்களில் தண்ணீர் மட்டம் ஒரு நாளில் அரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஐந்தரை லிட்டர். போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால் உப்பளம் கதைதான், நீர் போகும், உப்பு தங்கும். கண்ணாடியில் மட்டம் இறங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அது அந்த உப்பு. அதனால் குறைந்ததை நிரப்ப மட்டும் ஆர்ஓ தண்ணீர். வாராவாரம் மாற்றும் தண்ணீர் வழக்கம்போல.

கொசு லிக்விடை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். கண்ணாடி மூடி இருந்தபோது பாதுகாப்பு என்று நம்பியிருந்தேன், ஆனால் ஏர் பம்ப் அதே அறைக் காற்றைத்தானே இழுக்கிறது. கரப்பான் ஸ்ப்ரேயும் கிடையாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அத்தை இப்போது பூஜை அறையோடு நிறுத்திக்கொள்கிறார். பல்லியும் தொட்டிக்குள் விழுவதில்லை.

அளவு கொடுக்க வரும் ஒரு அக்கா தன் ஃபைட்டர் மீனுக்கும் இதே மாதிரி நெட் தைத்துத் தரச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஃபைட்டரும் துள்ளும்தான், ஆனால் அது தண்ணீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருப்பதே அதற்கு நல்லது. அதிலும் குஞ்சு பொரிக்க வைத்தால் முதல் சில வாரங்கள் கட்டாயம் மூடி வேண்டும். அவர் வீட்டில் இருப்பது சின்னத் தொட்டி, ஏசி அறை. கண்ணாடி மூடியே போதும், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடம் விடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் பழைய மூடியைக்கூட நான் தூக்கிப் போடவில்லை. மார்கழியில் இரவுக் குளிர் இறங்கும்போது நெட்டை எடுத்துவிட்டு அதைத்தான் வைக்கிறேன்.

போன வாரம் இரவு ஒன்பதரை இருக்கும். ஒரு பிளவுஸுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து போனேன். நெட் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அதன் கண்களில் தண்ணீர்த் துளிகள் கோத்து நின்றன. குனிந்து எண்ணினேன். ஏழு.