என்ஜின் மாற்றியதும் வரிசையாக வந்த எர்ரர் கோடுகள்

என்ஜின் மாற்றிய டீசல் வண்டியில் கோளாறைச் சொல்லும் எண்கள், அதாவது எர்ரர் கோடு, நாலைந்து ஒன்றாக வந்தால், சென்சார் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். காரைக்குடியில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இப்படி வீணாகப் போகும் பணத்தைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

சமீபத்தில் வந்த பிக்கப் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தூர்ப் பக்கத்துச் சமையல் மாஸ்டர் ஒருவருடையது. கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எங்கே கல்யாணம் என்றாலும் அண்டாவும் அடுப்பும் அதில்தான் போகும். பழைய என்ஜின் ஆயில் வற்றி ஜாம் ஆகிவிட, வெளியூரில் ஒரு பட்டறையில் அதே மாடல் செகண்ட் ஹேண்ட் காமன் ரெயில் என்ஜினை (ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் அழுத்தத்தோடு டீசல் போகும் வகை) இறக்கியிருந்தார்கள். என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ பழையதுதான்.

“ஸ்டார்ட் ஆகுது தம்பி, ஆனா நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது. ரெயில் சென்சார் மாத்தியாச்சு. இப்ப பம்ப்பையும் மாத்தணுங்குறாங்க” என்றார். “பம்ப்பைத் தொட வேண்டாம்ணே, வண்டியை விட்டுட்டுப் போங்க” என்றேன்.

ஸ்கேனரில் ஐந்து கோடு. பி0192, ரெயில் பிரஷர் சென்சார் சிக்னல் குறைவு. பி0107, என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் இன்டேக் பிரஷர் சென்சார் சிக்னல் குறைவு. பி2127, ஆக்சிலரேட்டர் பெடலில் உள்ள இரண்டு சென்சாரில் ஒன்றின் சிக்னல் குறைவு. பி0642, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளை குறைவு. பி0562, வண்டியின் மொத்த வோல்டேஜே குறைவு. எல்லாமே ‘குறைவு’ என்று வருவதைக் கவனியுங்கள். தெருவே இருட்டாக இருந்தால் யாரும் வீடு வீடாகப் போய் பல்பு மாற்ற மாட்டார்கள், டிரான்ஸ்ஃபார்மரைத்தான் பார்ப்பார்கள்.

கோடுகளை எழுதி வைத்துக்கொண்டு அத்தனையையும் அழித்தேன். என்ஜின் இறக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவி போட்டிருந்தால் பழைய கோடுகள் தங்கியிருக்கும். திரும்ப வருவதுதான் உண்மையான நோய். சாவியை ஆன் செய்ததுமே நாலு கோடு வந்துவிட்டது. என்ஜின் சுற்றுவதற்கு முன்பே வருகிறது என்றால் பம்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பி0562 மட்டும் செல்ஃப் அடிக்கும்போது வந்தது.

முதலில் எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மீட்டர் 1 வோல்ட்டைத் தாண்டியது. 0.2, அதிகபட்சம் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. என்ஜினுக்கு அடித்த புது பெயிண்ட் மேலேயே எர்த் பட்டையை முடுக்கியிருந்தார்கள். பாடி பக்கத்து போல்ட்டில் துரு. துரு பிடிப்பது போன்ற உலோக அரிமானத்தை ஆராயும் சிக்ரி என்ற மத்திய அரசு ஆய்வகம் 1953 முதல் இதே ஊரில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, துரு பிடித்த டெர்மினலைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முடுக்கினேன். பி0562 போயே போய்விட்டது.

அப்புறம் அந்த 5 வோல்ட். ரெயில் சென்சார் பிளக்கில் மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். சப்ளையில் 1 வோல்ட்கூட இல்லை. இன்டேக் சென்சாரிலும் அப்படியே. பெடலில் இரண்டு சென்சார், இரண்டுக்கும் தனித்தனி 5 வோல்ட். அதில் ஒன்று மட்டும் படுத்திருந்ததால், எந்த லைன் என்பது உறுதியாகிவிட்டது. அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வரும். வரவில்லை. சரி, ஒயர்தான்.

பேட்டரியையும் ஈசியூ பிளக்கையும் கழற்றிவிட்டு, சப்ளை ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை பீப் நிலையில் வைத்தேன். விடாமல் கத்தியது, அதாவது ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஒயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போனேன். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள பெல் ஹவுசிங் என்ற கூட்டின் மேல் போல்ட் அருகே ஒரு கிளையை இழுத்தபோது பீப் நின்றது. என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும்போது அந்தக் கிளை நடுவில் மாட்டி நசுங்கியிருக்கிறது. உறை பிளந்து, செம்பு இழை அலுமினியத்தில் பதிந்திருந்தது. ஒயரை விடுவித்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, இரும்பு படாத வழியில் கட்டினேன். மீட்டரில் 5 வோல்ட் வந்தது. நாலு கோடும் திரும்பவில்லை.

ஐட்லிங்கில் மட்டும் லேசான நடுக்கம். வந்த என்ஜினோடு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் அதன் இன்ஜெக்டர்களும் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பொறித்திருக்கும் அடையாள எண்ணை ஈசியூவில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள். இதற்குக் கோடு வராமலே போகலாம், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. எந்த சிலிண்டரில் எது என்று பார்த்து ஏற்றியதும் நடுக்கம் அடங்கியது.

குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்தேன். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு புதிதாக பி0401, அதாவது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆரில் புகை போதுமான அளவு போகவில்லை. திரும்பி வந்து கழற்றினால், குழாய் வழியை அடைத்து ஒரு தகடு. மைலேஜ் கிடைக்கும் என்று யாரோ வைத்தது. மாஸ்டர், “அது கெடக்கட்டுமே தம்பி, வண்டிதான் ஓடுதே” என்றார். “இல்லண்ணே, லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தா நாளைக்கு நிஜமாவே ஒண்ணு கெட்டாலும் உங்களுக்குத் தெரியாது” என்று சொல்லி, தகட்டை எடுத்துவிட்டுப் புது கேஸ்கெட் போட்டுக் கொடுத்தேன்.