ஒரு பெண்டுக்கு மூணு கழிக்கணும்

கோவை கணபதி பக்கம் எங்கள் பட்டறை. தகடு வளைக்க ஒரு பிரஸ் பிரேக், வெட்ட ஒரு ஷியரிங் மெஷின், இரண்டு வெல்டிங் செட், என்னையும் சேர்த்து ஆறு பேர். ஸ்டார்ட்டர் பெட்டி, கன்ட்ரோல் பேனல் பெட்டி, மெஷின் கவர், இதுதான் பிழைப்பு. லேசர் எங்களிடம் கிடையாது, வெளியே கொடுத்துத்தான் வெட்டி வாங்குவோம். கஸ்டமர் கொடுக்கும் டிராயிங்கை வைத்து நானும் பெண்டிங் (தகடு வளைப்பது, ஒவ்வொரு வளைவும் ஒரு பெண்ட்) பார்க்கும் அண்ணனும், வளைக்கும் முன் தட்டையான தகடு எந்த அளவில் வேண்டும் என்று பேப்பரில் விரித்து எழுதுவோம். லேசர் யூனிட்டில் இருக்கும் பையன் அதைப் பார்த்து வரைந்து வெட்டித் தருவான். வரைகிற கூலி தனியாக பில்லில் ஏறிவிடும்.

2024 தீபாவளி முடிந்து ஒரு கஸ்டமர், "இனிமே ஸ்டெப் ஃபைல்தானுங்க வரும், பிடிஎஃப் எல்லாம் நிறுத்திட்டோம்" என்றார். ஸ்டெப் என்றால் முப்பரிமாண ஃபைல், கம்ப்யூட்டரில்தான் திறக்கும். அன்றைக்குத்தான் இனி கேட் (CAD), அதாவது கம்ப்யூட்டரில் வரையும் சாஃப்ட்வேர் இல்லாமல் தள்ள முடியாது என்று புரிந்தது.

விஷயம் வெளியே தெரிந்ததும் முதலில் வந்தது பென் டிரைவ். தெரிந்த யூனிட்காரர் ஒருவர், "இதுல எல்லாம் இருக்குது, போட்டுக்கோங்க" என்று நீட்டினார். வாங்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, பயம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆறு பேர் பட்டறை இதைத் தாங்காது.

அடுத்து அக்கா மகன், எனக்கு மாப்பிள்ளை முறை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். "மாமா, என்னோட ஸ்டூடண்ட் லைசென்ஸ் சும்மாதானே கிடக்குது, அதுல போட்டுக்கலாம்" என்றான். அது படிப்புக்கு மட்டும், காசு வரும் வேலைக்கு ஆகாது. இலவசம் என்று பேசப்படும் மற்றவையும் திறந்து பார்த்தால் கிட்டத்தட்ட இதே கதைதான். ஃப்யூஷனின் பர்சனல் லைசென்ஸ் சொந்தப் பொழுதுபோக்குக்கு. ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் நாம் வரைவதெல்லாம் ஊருக்கே தெரியும்படி பொதுவில் கிடக்கும், கஸ்டமர் டிராயிங்கை அங்கே வைத்தால் மறுநாள் ஆர்டர் போய்விடும். சாலிட் எட்ஜ் கம்யூனிட்டி எடிஷனும் தொழிலுக்கு இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து லைசென்ஸ் விதிகளை அவனும் நானும் வரிவரியாகப் படித்தோம். வசதிகளைப் பட்டியல் போட்டு ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்ததில் நிறைய நேரம் மிச்சம்.

காசு கொடுத்து வாங்குவதையும் பார்த்தேன். பெரிய பெயர் ஒன்றின் டீலரிடமிருந்து டை கட்டிய தம்பி வந்து டெமோ காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ஒரு கிளிக்கில் விரிகிறது, ஒரு கிளிக்கில் மடங்குகிறது. விலை கேட்டால் வருடா வருடம் கட்ட வேண்டுமாம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியை இன்புட்டில் எடுத்துக்கொள்ளலாம், அது சரி. ஆனால் வேலை இல்லாத மாதத்துக்கும் வாடகை கொடுப்பது எனக்கு ஒத்து வரவில்லை. ஒருமுறை வாங்கினால் நம்முடையது என்ற நிரந்தர லைசென்ஸை ஆட்டோடெஸ்க் 2016லேயே புதிதாக விற்பதை நிறுத்திவிட்டது. இசட்டபிள்யூகேட், பிரிக்ஸ்கேட் போன்றவர்கள் அப்போதும் தந்துகொண்டிருந்தார்கள்.

பிறகுதான் ஃப்ரீகேட். ஓப்பன் சோர்ஸ், தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதில் தகடு வேலைக்கு ஷீட்மெட்டல் என்று தனியாக ஒரு ஒர்க்பெஞ்ச் (கருவித் தொகுப்பு), ஆட்-ஆன் மேனேஜரில் போய் நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை முதலில் பழைய 0.21 பதிப்பைத்தான் போட்டுக் கொடுத்தான். பெட்டியின் உயரத்தை 600லிருந்து 650 ஆக்கினால் ஃபிளேஞ்ச், அதாவது மடித்த விளிம்பு, வேறு ஏதோ ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வெறுத்துப்போய் மூடி வைத்துவிட்டேன். அந்த நவம்பரிலேயே 1.0 வந்தது. இந்தத் தொல்லை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைந்தது.

கஸ்டமர் அனுப்பிய ஸ்டெப் ஃபைலைத் திறந்து, ஒரு முகத்தைத் தொட்டு, அன்ஃபோல்ட் கொடுத்தேன். விரிந்தது! மூன்று நாள் தலைகால் புரியவில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். 400 அகலம், 200 ஆழம், 600 உயரம், முன்பக்கம் இருபுறமும் உள்ளே மடங்கும் 20 மில்லி ரிட்டன் ஃபிளேஞ்ச். 16 கேஜ், அதாவது 1.6 மில்லி கனமுள்ள சிஆர் (கோல்டு ரோல்டு) ஷீட். 12 பாடிக்கு டிஎக்ஸ்எஃப் (லேசர் வெட்டுவதற்கான வரைபட ஃபைல்) அனுப்பி ஒரே மூச்சில் லேசரில் வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன், ஏறக்குறைய 75 கிலோ தகடு. கதவுகளை வழக்கம்போல அண்ணன் கையால் கணக்குப் போட்டு முன்பே வளைத்து அடுக்கியிருந்தார். முதல் பாடியை வளைத்துக் கதவை மேலே வைத்தார். இரண்டு பக்கமும் ஒரு மில்லி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. டேப் போட்டார், பிறகு பெரிய வெர்னியரை எடுத்து வந்தார். 400 இருக்க வேண்டிய அகலம் 397.9.

"தம்பி, பேக் கேஜ் சரியாத்தானிருக்குது. உங்க பொட்டிதான் ரெண்டு மில்லி முழுங்கிருச்சு."

அவர் சொன்னது சரி. தகட்டின் ஓரத்தை பேக் கேஜ் என்ற தடுப்பில் முட்டவைத்து, அந்த ஓரத்திலிருந்து அளந்து வளைப்பதால் ரிட்டன் சரியாக வரும், ஆழமும் சரியாக வரும். குறைவதெல்லாம் நடு அகலத்தில் போய்ச் சேரும். நான்கு பெண்டுக்கு 2.1 என்றால் ஒரு பெண்டுக்கு அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல். எங்கே போனது?

மாப்பிள்ளையும் நானும் ராத்திரி பதினோரு மணி வரை தேடினோம். தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்கப்படும், நடுவே ஒரு கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கும். அந்தக் கோடு உள்முகத்திலிருந்து கனத்தில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதுதான் கே ஃபேக்டர். நான் 0.42 என்று சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் அன்ஃபோல்ட் திரையில் பக்கத்திலேயே அமெரிக்க ஆன்சி (ANSI) கணக்கா, ஜெர்மன் டின் (DIN) கணக்கா என்று கேட்கிறது. நான் கவனிக்காமல் அது டின்னில் நின்றிருக்கிறது. டின் கணக்கில் அதே தகட்டுக்கு இரட்டிப்பு எண், 0.84 கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்த 0.42ஐ அது 0.21 என்று எடுத்துக்கொண்டது. உள் ரேடியஸ் 2, கனம் 1.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பெண்டுக்கு 4.20 மில்லி தகடு விட வேண்டிய இடத்தில் 3.67தான் விட்டிருக்கிறது. வித்தியாசம் 0.53, நான்கால் பெருக்கினால் 2.1. சாஃப்ட்வேரில் ஒரு குறையும் இல்லை, தப்பு என் கண்ணில்.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் டின்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "மீதி பதினொண்ணுதான் இன்னும் வளைக்கலையே. ரிட்டனை இருபதுக்குப் பத்தொம்போதா வச்சுக்கலாம், அகலம் வந்துரும்" என்றார். வந்தது. கீல் ஓட்டை அரை மில்லி தள்ளிப்போனது, யார் கண்ணிலும் படாது. முதலில் வளைத்த ஒன்று மட்டும் ஸ்கிராப். கஸ்டமரிடம் ரிட்டன் 19 என்று சொல்லிவிட்டேன், அவர் கவலைப்படவில்லை.

அந்த ஞாயிறு டெஸ்ட் துண்டுகள் வெட்டினோம். யார் எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். சரியாக 100 நீளத்துக்குத் துண்டு, நடுவில் 90 டிகிரி பெண்ட், இரண்டு காலையும் வெளியே அளந்து கூட்டி 100ஐக் கழிக்க வேண்டும். 12 மில்லி வி டையில் (தகடு வளையும் வி வடிவப் பள்ளம்) 1.6 சிஆர் போட்டதில் 51.6, 51.4. கூட்டினால் 103. அதாவது வெளி அளவுகளின் கூட்டலிலிருந்து ஒரு பெண்டுக்குக் கழிக்க வேண்டியது 3.0, அதிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டால் கே 0.42. டை மாறினால் இந்த எண்ணும் மாறும். வி அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மைல்டு ஸ்டீலில் உள் ரேடியஸாக விழும். அகலமான டையில் வளைத்துவிட்டு ஃபைலில் பழைய ரேடியஸை வைத்திருந்தால் எந்த கேட்டும் காப்பாற்றாது.

நான் 3.0 என்று எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் தன் டப்பாவிலிருந்து எண்ணெய் படிந்த ஒரு பாக்கெட் டைரியை எடுத்துக் காட்டினார். 1.2, 1.6, 2.0 என்று வரிசையாக எழுதி, 1.6க்கு நேராக "பெண்டுக்கு 3 கழி". எப்போது எழுதியது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. பேப்பரில் விரித்தபோதெல்லாம் அவர் இதைத்தான் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் ஒன்றுக்கு இரண்டாக எடுத்தோம். விரிக்க ஃப்ரீகேட். இன்னும் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் ஃபைல்) அனுப்பும் கஸ்டமர்களுக்காக இசட்டபிள்யூகேட் ஒரு சீட், நிரந்தர லைசென்ஸ். ஃப்ரீகேட் டிடபிள்யூஜியை நேராகத் திறக்காது, இடையில் ஒரு கன்வெர்ட்டர் போட வேண்டும். அந்த வழியில் வரும் கோடுகளை எனக்கு நம்பிக்கை இல்லை. லேசருக்குப் போகும் முன் இரட்டைக் கோடு இருக்கிறதா, பெண்ட் கோடு வெட்டும் லேயரில் கலந்திருக்கிறதா என்று துப்புரவு பார்ப்பதும் இசட்டபிள்யூகேட்டில்தான். கலந்திருந்தால் பெட்டி வராது, பட்டை பட்டையாக வரும்.

சில ஸ்டெப் ஃபைல்கள் இன்னமும் விரிய மறுக்கின்றன. வரைந்தவர் மூலைகளை ரேடியஸே இல்லாமல் கூராக விட்டிருப்பார், அல்லது ஓரிடத்தில் கனம் மாறியிருக்கும். அப்படி வந்தால் அளவுகளை மட்டும் எடுத்து நானே புதிதாக வரைந்துவிடுகிறேன், அரை மணி நேரம்.

டைரியில் இருந்த மூன்று எண்களும் இப்போது கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருக்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304க்கு மட்டும் எண் இல்லை, அந்த வேலை எங்களுக்கு வந்ததே குறைவு. அடுத்த மாதம் நாற்பது கவர் வருகிறது. துண்டுகள் வெட்டி வைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வளைக்க வேண்டும்.